பொதுச் சார்ஜரில் யார், எங்கே, எவ்வளவு நேரம் செருகலாம்?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. ப்ளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும், வெளியே செருகி ஏற்றும் பேட்டரியும் உள்ள கார்) வைத்திருப்பவர் பொதுச் சார்ஜரில் செருகினால், பெட்ரோல் டேங்க் இல்லாத முழு மின்கார்காரரின் இடத்தைப் பிடித்ததாகுமா என்பது ஒன்று. முழு மின்கார் என்றால் எத்தனை சதவீதத்தில் ப்ளக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கணக்கு தீர்த்துவைக்கும். சார்ஜிங் நிலையத்தில் தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். உங்கள் கார் ஒரு மணி நேரத்தில் எத்தனை யூனிட் வாங்கும், நீங்கள் அங்கே எவ்வளவு நேரம் நிறுத்தப்போகிறீர்கள் என்ற இரண்டையும் பொருத்திப் பார்த்துச் சார்ஜரைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தகராறு எழவே எழாது.

முதலில் வண்டியின் வகை. ப்ளக் இல்லாத சாதாரண ஹைப்ரிட்டில் பேட்டரி மிகச் சிறியது, பெரும்பாலும் 1, 2 யூனிட்தான். அதை இன்ஜினும் பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் சக்தியுமே நிரப்பிக்கொள்ளும். சார்ஜிங் கட்டத்துக்குள் அதற்கு வேலையே இல்லை. ப்ளக்-இன் ஹைப்ரிட்டில் பெரும்பாலும் 8 முதல் 20 யூனிட் பேட்டரி இருக்கும். முழு மின்காரில் 30-லிருந்து 100 யூனிட் வரை போகும். யூனிட் என்று நான் சொல்வது வீட்டு மீட்டரில் ஓடும் அதே கிலோவாட்-மணியைத்தான். நடுத்தரக் கார் ஒன்று 1 யூனிட்டில் சுமார் 5, 6 கிலோமீட்டர் ஓடும் என்று மனதில் வைத்துக்கொண்டால் மற்றக் கணக்கெல்லாம் எளிது.

ஏசி பாயிண்ட்டில் (வீட்டில் வரும் அதே மாறுமின்சாரத்தைத் தரும் சார்ஜிங் முனையில்) எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறுவதுதான் மிகப் பரவலான பிழை. '22 கிலோவாட்' என்று எழுதியிருந்தால் அது அந்தப் பாயிண்ட் கொடுக்கக்கூடிய உச்சம், அவ்வளவே. ஏசி பாயிண்ட் என்பது உண்மையில் பாதுகாப்பான ஒரு சுவிட்ச். ஏசியை டிசியாக (நேர்மின்சாரமாக) மாற்றி பேட்டரிக்குள் அனுப்பும் ஆன்போர்டு சார்ஜர் காருக்குள் இருக்கிறது. அது 3.6 கிலோவாட் என்றால் எந்தப் பாயிண்ட்டில் செருகினாலும் 3.6-க்கு மேல் ஏறாது. ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் பலவற்றில் இந்த எண் 3.3 அல்லது 3.6; சிலவற்றில் 7.2 அல்லது 7.4. முழு மின்கார்களில் 7.4 அல்லது 11 பரவலானது, சிலவற்றில் 22. கார் வாங்கும்போது ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் பொது இடத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்பதை முடிவுசெய்வது இந்த எண்தான். கார் கையேட்டின் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் இருக்கும், இன்றே பார்த்துவையுங்கள்.

இதற்குள் ஃபேஸ் விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 230 வோல்ட், 32 ஆம்பியர், சிங்கிள் ஃபேஸ் என்றால் 7.4 கிலோவாட். மூன்று ஃபேஸில் ஒவ்வொன்றிலும் 16 ஆம்பியர் என்றால் 11 கிலோவாட். மூன்றிலும் 32 என்றால் 22. இப்போது 7.4 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் கார் ஒன்றை 11 கிலோவாட் பாயிண்ட்டில் செருகுங்கள். பாயிண்ட் பெரியது, ஆகவே 7.4 முழுதாகக் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கிடைப்பது 3.7. காரணம், அந்தப் பாயிண்ட் ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர்தான் தரும், கார் ஒரு ஃபேஸை மட்டுமே எடுக்கும். அதே கார் பக்கத்தில் இருக்கும் 7.4 பாயிண்ட்டிலோ 22 பாயிண்ட்டிலோ நின்றால் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். மறுபக்கமும் உண்டு: 11 கிலோவாட் மூன்று ஃபேஸ் கார்களில் சில, சிங்கிள் ஃபேஸ் பாயிண்ட்டில் 16 ஆம்பியரோடு நின்றுவிடும்; சில 32 வரை எடுக்கும். 'இந்தச் சார்ஜர் சரியில்லை' என்று சொல்லப்படும் பல புகார்களுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

கேபிளும் வேகத்தைக் கட்டும். டைப் 2 (ஏசி ப்ளக்கின் ஒரு வகை) சாக்கெட் மட்டும் உள்ள பாயிண்ட்டில் உங்கள் கேபிளை நீங்களே கொண்டுபோக வேண்டும். அந்தக் கேபிளின் ப்ளக்குக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். 680 ஓம் என்றால் 20 ஆம்பியர் கேபிள், 220 ஓம் என்றால் 32 ஆம்பியர் கேபிள் என்று பாயிண்ட் படித்துக்கொள்ளும், அதற்கு மேல் விடாது. பிறகு, கேபிளுக்குள் காரோடு பேசுவதற்கென்றே இருக்கும் பைலட் கம்பி வழியாக விநாடிக்கு 1000 துடிப்பு கொண்ட ஒரு சிக்னலை அனுப்பி, 'இவ்வளவு ஆம்பியர் வரை எடுத்துக்கொள்' என்று காருக்குச் சொல்லும். துடிப்பின் அகலம் 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 50 சதவீதம் என்றால் 30 ஆம்பியர். கட்டடத்தில் லோடு கூடினால் பாயிண்ட் இந்த அகலத்தைக் குறைக்கும், கார் அடங்கிவிடும். இரண்டு சாக்கெட் உள்ள பாயிண்ட்டில் இன்னொரு கார் வந்து செருகியதும் உங்கள் வேகம் பாதியாவது இப்படித்தான்; பழுது ஏதுமில்லை. புதுக் கேபிள் வாங்குபவர் 32 ஆம்பியர் மூன்று ஃபேஸ் கேபிளாக வாங்கிவிடுவது நல்லது. கனமாக இருக்கும், ஆனால் டைப் 2 உள்ள எந்தக் காருக்கும் எந்தப் பாயிண்ட்டுக்கும் குறுக்கே நிற்காது. பொது இடத்தில் எக்ஸ்டென்ஷன் போர்டு, நீட்டிப்புக் கேபிள், சுருள் பிரிக்காத ரீல் எதையும் இடையில் போடாதீர்கள். மணிக்கணக்கில் ஓடும் லோடு அது. தளர்ந்த ஒரு காண்டாக்ட் போதும், பிளாஸ்டிக் உருகிவிடும்.

இனி ஹைப்ரிட் கேள்விக்கு வருவோம்.

பேட்டரி 10 யூனிட், ஆன்போர்டு சார்ஜர் 3.6 கிலோவாட். காலியிலிருந்து நிறைய, வழியில் போகும் நட்டத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் சொச்சம். காலை 9 மணிக்கு அலுவலக வாகன நிறுத்தத்தில் செருகினால் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். மாலை 6 வரை அதே இடத்தில் விட்டால் மீதி ஐந்து, ஆறு மணி நேரம் அந்தப் பாயிண்ட் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. இன்னொரு ஹைப்ரிட்டோ, ஊர் திரும்ப 15 யூனிட் தேவைப்படும் மின்காரோ அங்கே ஏற்றியிருக்கலாம். ஹைப்ரிட் செருகுவதில் தவறு ஒன்றுமில்லை. நிறைந்த பிறகும் நிற்பதுதான் தவறு, அதை முழு மின்கார்காரர் செய்தாலும் தவறுதான்.

'உங்களுக்குத்தான் பெட்ரோல் இருக்கிறதே, ஏன் செருகுகிறீர்கள்' என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட சாலைப் பயன்பாட்டுத் தரவில், ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் நிஜத்தில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு ஆய்வக எண்ணைப் போலச் சுமார் 3.5 மடங்கு என்று வந்தது. ஆய்வகத்தில் எதிர்பார்த்த அளவுக்கு அவை செருகப்படுவதும் மின்சாரத்தில் ஓடுவதும் இல்லை என்பதே காரணம். செருகாத ப்ளக்-இன் ஹைப்ரிட் என்பது நூறு கிலோவுக்கு மேல் பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் கார். அவர்களை ஏசி பாயிண்ட்டிலிருந்து விரட்டினால் அந்தக் காரின் பயனே போய்விடும். ஓடும்போதே இன்ஜினால் பேட்டரியை நிரப்பும் 'சார்ஜ்' மோடு சில கார்களில் இருக்கும். அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம், பெட்ரோல்தான் கூடுதலாக எரியும்.

டிசியை நேராகவே பேட்டரிக்குள் அனுப்பும் விரைவு சார்ஜரில் நிலைமை வேறு. பெரும்பாலான ப்ளக்-இன் ஹைப்ரிட்களுக்கு டிசி வசதியே கிடையாது. மிட்சுபிஷி அவுட்லேண்டர் போல சாடெமோ உள்ளவை, அண்மைக் காலத்தில் சிசிஎஸ் வைத்து வரும் சில மாடல்கள் விதிவிலக்கு (சாடெமோ, சிசிஎஸ் இரண்டும் டிசி ப்ளக் வகைகள்). அவையும் பெரும்பாலும் 20 முதல் 50 கிலோவாட் அளவில்தான் எடுக்கும். நெடுஞ்சாலை நிலையத்தில் இரண்டே கன் (சார்ஜர் கேபிளின் நுனியில் காரில் செருகும் கைப்பிடி) இருந்து, வெளியே முழு மின்கார் ஒன்று 8 சதவீதத்தோடு காத்திருந்தால், ஹைப்ரிட் ஓட்டுபவர் வழிவிட வேண்டும். காத்திருக்க யாருமில்லை என்றால் தாராளமாகச் செருகலாம். டிசி இல்லாத ஹைப்ரிட்டை, டிசி சார்ஜரோடு ஒட்டியிருக்கும் ஏசி சாக்கெட்டில் போட்டு அந்தக் கட்டத்தையே அடைத்து நிற்பதுதான் மிக மோசமான பழக்கம். 3.6 கிலோவாட்டுக்காக 150 கிலோவாட் இடம் போகிறது.

முழு மின்காருக்கு எத்தனை சதவீதம்? ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். 60 யூனிட் பேட்டரி, 150 கிலோவாட் சார்ஜர். 10 சதவீதத்தில் செருகினால் 80 வரை 42 யூனிட். தொடக்கத்தில் 120, 130 என்று ஓடி, நடுவில் இறங்கி, சராசரி 85 கிலோவாட் வந்தால் அரை மணி நேரம். 80-லிருந்து 100 வரை மீதி 12 யூனிட்தான். ஆனால் பேட்டரி செல்லின் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டதும் கார் ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே போகும். கடைசியில் செல்களைச் சமப்படுத்தும் வேலையும் நடக்கும். சராசரி 24 கிலோவாட் என்று வைத்தாலும் இன்னொரு அரை மணி நேரம் ஓடிவிடும். முதல் அரை மணியில் 42 யூனிட், அடுத்த அரை மணியில் 12. நீண்ட பயணத்தில் 15-லிருந்து 65 வரை இரண்டு தடவை ஏற்றுவது, ஒரே தடவை 100 வரை நிற்பதைவிட மொத்தத்தில் சீக்கிரம் கொண்டுசேர்க்கும். திரையில் கிலோவாட் எண் 35, 40-க்குக் கீழே விழுந்ததும் கிளம்பிவிடுவது நல்ல வழக்கம். சதவீதத்தைவிட அந்த எண்ணைப் பார்ப்பது சரியான அளவுகோல். ஏனென்றால் சில கார்கள் 60-லேயே தளரும், சில 80-க்கு மேலும் தாக்குப்பிடிக்கும்.

100 வரை நிற்க நியாயமான காரணம் உண்டு. அடுத்த நிலையம் எட்டாத தூரம் என்றால் நில்லுங்கள், யாரும் குறை சொல்லக் கூடாது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி உள்ள கார்களில் வோல்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பதால் கார் தன் இருப்பைச் சரியாக மதிப்பிட அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். ஆனால் அதை டிசி நிலையத்தில் செய்ய அவசியமில்லை. இரவு முழுக்க நிற்கும் ஏசி பாயிண்ட்டில் செய்தால் போதும். இன்னொன்று: 100 சதவீதத்தோடு மலை இறங்கினால் பிரேக் சக்தியைத் திருப்பி வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் பழக்கப்படி வேகம் குறையாது, அதைத் தெரிந்து ஓட்டுங்கள்.

சார்ஜரில் எழுதிய எண் டிசியிலும் ஏமாற்றும். வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதுதான் கிலோவாட். உங்கள் பேட்டரி 400 வோல்ட் வகை, கேபிள் குளிரூட்டல் இல்லாத 200 ஆம்பியர் வகை என்றால் உச்சம் 80. '350' என்று எழுதிய சார்ஜரின் முழுப் பயன் 800 வோல்ட் கார்களுக்குத்தான். ஆகவே உங்கள் கார் 50-க்கு மேல் எடுக்காதது என்றால், 350-ஐயும் 50-ஐயும் பக்கத்தில் பார்த்தால் 50-இல் நில்லுங்கள். உங்களுக்கு ஒரு நிமிடமும் நட்டமில்லை, அடுத்து வருபவருக்கு அரை மணி மிச்சம். இதேபோல, நிலையத்தில் சாடெமோ கன் உள்ள பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் சிசிஎஸ் என்றால், சிசிஎஸ் கார் அந்த ஒன்றை விட்டுவிட வேண்டும். இரண்டு வகைக் கன் இருந்தும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் பெட்டிகள் நிறைய. பழைய நிசான் லீஃப் ஓட்டுபவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இது சட்டமல்ல, ஆனால் மனதறிந்து செய்ய வேண்டியது.

பவர் பங்கீட்டையும் பாருங்கள். ஒரே பெட்டியின் இரண்டு கன் மொத்தச் சக்தியைப் பகிரும் அமைப்பு பரவலானது. டெஸ்லாவின் இரண்டாம் தலைமுறைச் சூப்பர்சார்ஜரில் 1ஏ, 1பி என்று ஒரே எண் உள்ள ஜோடி 150 கிலோவாட்டைப் பகிரும். 2ஏ காலியாக இருந்தால் அங்கே போவது இருவருக்கும் லாபம். மற்ற நிலையங்களில் பெட்டியின் எண்ணைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

பேட்டரியின் சூடு இதையெல்லாம்விட முக்கியம். குளிர்ந்த பேட்டரியில் அதிக ஆம்பியரைத் திணித்தால் லித்தியம் செல்லின் மைனஸ் முனையில் உலோகமாகப் படிந்து பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். அதனால் கார் தானே வேகத்தை அடக்கும். 120 எடுக்கும் கார் 40 எடுத்துக்கொண்டு நிற்பது அசாதாரணமல்ல. முன்னதாகவே பேட்டரியைச் சூடாக்கும் வசதி இருந்தால் காரின் சொந்த நேவிகேஷனில் அந்த நிலையத்தைச் சேருமிடமாகப் போடுங்கள். 20, 30 நிமிடம் முன்பே கார் வேலையைத் தொடங்கிவிடும். கைபேசி வரைபடத்தில் மட்டும் போட்டால் காருக்குத் தெரியாது. கடும் வெயிலில் எதிர்ப்பக்கம்: வேகமாக ஓட்டி வந்த சூடான பேட்டரி, அடுத்தடுத்து டிசி என்றால் கார் மறுபடி அடக்கும். திரவக் குளிரூட்டல் இல்லாத பழைய லீஃப் போன்ற கார்களில் ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது விரைவு சார்ஜில் இது நன்றாகவே தெரியும். நிழலில் நிறுத்துவதும், கடைசி 15 கிலோமீட்டரைக் கொஞ்சம் நிதானமாக ஓட்டுவதும் உதவும்.

இனி செருகும் அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பார்ப்போம். பிழை எங்கே என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

சிசிஎஸ் கன்னை நேராக, கடைசி வரை அழுத்துங்கள். முதலில் கார் கன்னைப் பூட்டும் 'கிர்ர்க்' சத்தம். பைலட் கம்பியில் துடிப்பின் அகலம் 5 சதவீதத்துக்கு இறங்கும்; 'இனி டேட்டாவில் பேசுவோம்' என்பதற்கான அடையாளம் அது. கார் தன் வோல்டேஜ், உச்ச ஆம்பியர், இருப்பு சதவீதம் எல்லாவற்றையும் சொல்லும். அடுத்து இன்சுலேஷன் சோதனை: காரின் காண்டாக்டர் (பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்ச்) மூடுவதற்கு முன்பே சார்ஜர் கேபிளில் உயர் வோல்டேஜ் ஏற்றி, எர்த்துக்குக் கசிகிறதா என்று பார்க்கும். கசியவில்லை என்றால் வோல்டேஜை உங்கள் பேட்டரியின் வோல்டேஜோடு சமமாக்கும். பிறகுதான் காருக்கு அடியிலிருந்து ஒரு கனமான 'டக்'. காண்டாக்டர் மூடிவிட்டது. ஆம்பியர் படிப்படியாக ஏறும்.

பூட்டும் சத்தமே வரவில்லை என்றால் கன் சரியாக உட்காரவில்லை. கனமான கேபிள் கன்னைக் கீழே இழுப்பதால் மேலே இருக்கும் சின்னப் பின்கள் தொடாமல் போகும். தொடங்கும் வரை கைப்பிடியை லேசாக மேலே தூக்கித் தாங்கினால் பல முறை தீர்ந்துவிடும். பூட்டிய பிறகு நீண்ட நேரம் யோசித்துவிட்டு நின்றால் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது: கன்னை எடுத்து, காரைப் பூட்டி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். இரண்டு பக்கமும் தூங்கி எழுந்தால் சரியாகும். இன்சுலேஷன் பிழை என்று வந்தால் பின்னில் ஈரமோ அழுக்கோ இருக்கலாம். கன்னைத் தலைகீழாகத் தட்டி நீரை வடியவிட்டு வேறு கன்னில் முயலுங்கள். துணியோ கம்பியோ உள்ளே விடாதீர்கள். இரண்டு வெவ்வேறு நிலையத்திலும் அதே பிழை வந்தால் சந்தேகம் காரின் மேல் திரும்ப வேண்டும், சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். 'டக்' சத்தம் வந்து, ஏறத் தொடங்கி, சில நிமிடத்தில் வேகம் சரிந்தால் பின்னில் சூடு. காரின் சாக்கெட்டிலும் கன்னிலும் வெப்ப உணரி இருக்கிறது. கருகிய அல்லது தேய்ந்த பின் உள்ள கன்னில் இது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட கன்னை நிலையத்தாருக்குச் சொல்லிவிட்டு வேறு இடத்துக்கு மாறுங்கள்.

காரில் பெரிய பேட்டரியோடு சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கிறது. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருந்தாலும் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தால் காண்டாக்டர் மூடாது, சார்ஜ் ஆகாது. ஐந்து வருடத்துக்கு மேல் ஆன கார் எந்தச் சார்ஜரிலும் ஒத்துழைக்கவில்லை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

சார்ஜிங் நிறுவனத்தின் ஆப்பில் வரும் சொற்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். 'ப்ரிப்பேரிங்' என்றால் செருகியாயிற்று, அனுமதியோ காரின் தயார்நிலையோ பாக்கி. 'சஸ்பெண்டட் ஈவி' என்றால் சார்ஜர் தயார், கார்தான் வாங்க மறுக்கிறது. பேட்டரி நிறைந்திருக்கலாம், அதைவிட அதிகமாக நடப்பது, வீட்டில் இரவு 11 மணிக்குத் தொடங்கும்படி வைத்த டைமர் இங்கேயும் வேலைசெய்வது. காரின் மெனுவில் 'உடனே சார்ஜ்' என்று மாற்றினால் போதும். சதவீத வரம்பு 80 என்று வைத்திருந்து பேட்டரி 81-ல் இருந்தாலும் இதே வரும். 'சஸ்பெண்டட் ஈவிஎஸ்ஈ' என்றால் மறுப்பது சார்ஜர் பக்கம், பெரும்பாலும் லோடு கட்டுப்பாடு. 'ஃபினிஷிங்' என்றால் மின்சாரம் நின்றாயிற்று, ப்ளக் இன்னும் எடுக்கப்படவில்லை. காத்திருப்புக் கட்டணம் உள்ள நிலையத்தில் அது ஓடத் தொடங்கும் நேரம். டெஸ்லா 2016 டிசம்பரிலேயே இந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. இப்போது பல நிறுவனங்களில் உண்டு, சிலர் சில நிமிடம் சலுகை தருவார்கள்.

ப்ளக் வெளியே வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். டைப் 2 சாக்கெட்டில் ஒரு சின்ன மோட்டார் பின்னை நீட்டி ப்ளக்கைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஆப்பிலோ காரிலோ சார்ஜை நிறுத்துங்கள். திரையில் ஆம்பியர் பூஜ்யமாகும் வரை பொறுங்கள். காரை அன்லாக் செய்யுங்கள். ப்ளக்கை இழுக்காமல் முதலில் உள்ளே லேசாக அழுத்துங்கள். இழுத்துப் பிடித்திருந்தால் பின் மேல் அழுத்தம் விழுந்து மோட்டாரால் அதைத் திரும்ப இழுக்க முடியாது. அழுத்தியபடி இன்னொரு முறை லாக், அன்லாக். அப்போதும் வரவில்லை என்றால் பல கார்களில் அவசர விடுவிப்புக் கயிறு இருக்கும், டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குப் பின்னாலோ பானெட்டுக்கு அடியிலோ. எங்கே என்று கையேட்டில் பார்த்து ஒரு தடவை கண்ணால் கண்டுவையுங்கள். கேபிளின் மறுமுனையைப் பாயிண்ட்டும் பூட்டியிருக்கும். மின்தடையால் அது விடாமல் பிடித்துக்கொண்டால் நிலையத்தின் உதவி எண்தான் வழி.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிசி பெட்டியில் இருக்கும் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானைச் சார்ஜை முடிக்கப் பயன்படுத்தாதீர்கள். புகை, தீப்பொறி, அடிபட்ட கேபிள் போன்றவற்றுக்கு மட்டும்தான் அது. அதை அழுத்தினால் பக்கத்துக் கன்னும் நின்றுபோகலாம். பொத்தானைத் திருகி வெளியே எடுத்தாலும் பல பெட்டிகள் தொலைவிலிருந்தோ ஆள் வந்தோ ரீசெட் செய்யும் வரை எழாது. ஒருவரின் அவசரத்தால் நிலையமே ஒரு நாள் முடங்கும்.

இன்னொருவரின் ப்ளக்கை எடுக்கலாமா என்ற கேள்வியும் இதோடு வரும். கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் எடுக்கவே கூடாது, அது ஹைப்ரிட்டாக இருந்தாலும். சார்ஜ் முடிந்த கார்களில் சில டைப் 2 பூட்டைத் தானே விடும். இன்னொரு ஏசி ப்ளக் வகையான டைப் 1-இல் விரலால் அழுத்தும் கொக்கிதான் இருப்பதால் எளிதாக வந்துவிடும். வருகிறது என்பதால் எடுக்க உரிமை வந்துவிடாது. உரிமையாளர் 'முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்' என்று சீட்டு வைத்திருந்தால் மட்டும் எடுங்கள், அதுவும் விளக்கைப் பார்த்துவிட்டு. பழைய லீஃபில் முன்கண்ணாடிக்குக் கீழே மூன்று நீல விளக்கு இருக்கும். ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தாலும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் விட்டுப்போகும் சீட்டில் மூன்று விஷயம் போதும்: எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை சதவீதம் தேவை, எந்த எண்ணில் அழைக்கலாம். காத்திருப்பவர்களுக்கு இதைவிட ஆறுதல் எதுவுமில்லை. நிலையத்தில் வரிசைக்கு அடையாளம் இருக்காது, கார்கள் அங்கங்கே நிற்கும். வந்ததும் இறங்கிப்போய் 'கடைசியாக வந்தது யார்' என்று கேட்டுவிடுங்கள்.

பணத்தில் இரண்டு கவனம். கட்டணம் யூனிட்டுக்கா நிமிடத்துக்கா என்று தொடங்கும் முன் பாருங்கள். நிமிடக் கணக்கு என்றால் 3.6 கிலோவாட் கார் 22 கிலோவாட் பாயிண்ட்டில் நிற்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. அப்படிப்பட்ட இடத்தில் முழு மின்காருக்கும் 80-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிக்கொண்டே போகும். தொடங்கும்போது கார்டில் ஒரு தொகை முடக்கிவைக்கப்படுவது வழக்கம், முடிந்ததும் உண்மைத் தொகை போக மீதி விடுவிக்கப்படும். பில்லில் 11 யூனிட், காரில் ஏறியது 10 என்று காட்டினால் கோளாறு என்று பதற வேண்டாம். ஏசியில் ஆன்போர்டு சார்ஜரின் சூடாக 10 சதவீதம் அளவுக்குப் போவது இயல்பு. காருக்குள் ஏர்கண்டிஷனர் போட்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் 1, 2 கிலோவாட் இழுக்கும், 3.6 கிலோவாட்டில் நிற்கும் ஹைப்ரிட்டுக்கு அது சுமார் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை.

பயணத்தில் 10 முதல் 20 சதவீதத்தோடு நிலையத்தைச் சேரும்படி திட்டமிடுங்கள், ஆனால் அந்த இருப்பில் இன்னொரு நிலையம் எட்ட வேண்டும். ஒரே ஒரு கன் உள்ள இடத்தை நம்பி 5 சதவீதத்தோடு போகாதீர்கள். ஆப்பில் பச்சையாகக் காட்டுவதைவிட, கடைசியாக அங்கே வெற்றிகரமாகச் சார்ஜ் ஆனது எப்போது என்பதைப் பாருங்கள்; நேற்றுவரை யாரோ ஏற்றியிருந்தால் நம்பலாம், மூன்று வாரமாக யாரும் ஏற்றவில்லை என்றால் மாற்று இடத்தை முடிவுசெய்துகொண்டே கிளம்புங்கள். ஆப் வேலைசெய்யாத இடத்துக்காக அதே நிறுவனத்தின் ஆர்எஃப்ஐடி கார்டு (சார்ஜரில் காட்டினாலே படித்துக்கொள்ளும் அட்டை) ஒன்று கையில் இருக்கட்டும்; அடித்தள வாகன நிறுத்தத்தில் சிக்னல் கிடைக்காது.

கிளம்பும்போது கன்னை ஹோல்டரில் முழுதாகச் சொருகி வையுங்கள், கேபிளைச் சுற்றி மாட்டுங்கள். தரையில் கிடக்கும் கன் மேல் கார் ஏறினால் உறை விரியும். மழையில் மேல்நோக்கிக் கிடந்தால் பின்குழிகளில் நீர் நிற்கும். பிறகு நள்ளிரவில் 6 சதவீதத்தோடு வந்து செருகுபவருக்கு மேலே சொன்ன அந்த இன்சுலேஷன் பிழைதான் திரையில் வரும்.